மேரியை அறைக்குள் பூட்டியது யார்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டிவியில் ‘எந்திரன்’, எத்தனையாவது தடவையோ. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வருகிறது சிட்டி என்ற ரோபோ. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கூட்டத்துக்கு நடுவே நிறுத்துகிறது. கேமராக்கள் அவள் பக்கம் திரும்புகின்றன. அவமானம் தாங்காமல் ஓடுகிறவள் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். பழி சிட்டியின் தலையில் விழுகிறது. அதற்கு உணர்ச்சி இல்லை, மானம் என்றால் என்னவென்று தெரியாது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “படம் புடிச்சவன எல்லாம் விட்டுட்டு மிஷினப் போய்த் திட்டுறாங்க பாரு.”

2010-ல் தியேட்டரில் பார்த்தபோது எனக்கு இது தோன்றவில்லை. அதற்கப்புறம் பார்த்தபோதும்தான். உயிர் பெரிதா மானம் பெரிதா என்ற பழைய வழக்கின் புதுப் பதிப்பாகவே அந்தக் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தேன். உயிர்களை எண்ணிக் கணக்குப் போடுகிற பெந்தாமின் பயன்வாதம் ஒரு பக்கம், கவரிமான் கதை கேட்டு வளர்ந்த நாம் மறுபக்கம். கட்டுரை எழுத வசதியான பிரிவினை. அம்மா அந்த வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டு, மானத்தைப் பறித்தது யார் என்று கேட்டாள். படம் அதைக் கேட்கவில்லை. ஆனால் கேமராக்களைக் காட்டிவிட்டது. காட்டியதால்தான் கீரைத்தட்டோடு உட்கார்ந்திருந்தவளால் கேட்க முடிந்தது.

விஞ்ஞானப் படங்களை வைத்துத் தத்துவம் படிப்பது புதிய யோசனை அல்ல. மார்க் ரோலண்ட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 2003-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அறிவின் எல்லைக்கு ‘மேட்ரிக்ஸ்’, உடல்-மனச் சிக்கலுக்கு ‘டெர்மினேட்டர்’ என்று போகும். ரசித்துப் படித்த புத்தகம்தான். ஆனால் இந்த முறையில் படம் வெறும் கரும்பலகைச் சித்திரமாகிவிடுகிறது. கருத்து புரிந்ததும் துடைத்துவிடலாம். என் அனுபவம் வேறு மாதிரி. தத்துவவாதி வேண்டுமென்றே ஒதுக்கி வைத்த ஒன்றை நல்ல படம் திரும்பக் கொண்டுவந்து கூடத்தில் உட்கார வைக்கிறது.

பார்க்கப்போனால் தத்துவவாதிகளே விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்கள்தான். டெரக் பார்ஃபிட் 1984-ல் எழுதிய ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில், ‘நான்’ என்பது எது என்ற பகுதியைத் தொடங்குவதே செவ்வாய்க்குப் பயணம் போகும் ஒரு கருவியை வைத்து. இங்கே உடலை அழித்து, அங்கே அதே வார்ப்பில் இன்னொன்றைச் செய்யும் கருவி. ஹிலாரி புட்னம், தண்ணீர் போலவே இருக்கும் ஆனால் தண்ணீர் இல்லாத திரவம் ஓடுகிற இரட்டைப் பூமியைப் படைத்தார். எல்லாம் கதைதான். என்ன, தங்களுக்கு வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

ராபர்ட் நோசிக் 1974-ல் சொன்ன அனுபவ எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தொட்டியில் மிதந்தபடி மூளையில் கம்பிகளை மாட்டிக்கொண்டால், நீங்கள் விரும்பிய வாழ்க்கை முழுவதும் நிஜம்போலவே நடக்கும். மாட்டிக்கொள்வீர்களா? மாட்டோம் என்றால், இன்பத்தைத் தவிர வேறு எதுவோ நமக்கு வேண்டியிருக்கிறது என்று ஆகிறது. அருமையான கேள்வி. ஆனால் எல்லோரும் தொட்டிக்குள் போய்விட்டால் எந்திரத்தை யார் பராமரிப்பது என்ற சிக்கலைக் கண்டுகொள்ள வேண்டாமென்று நோசிக் அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்.

1999-ல் வந்த ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் சைஃபர் என்பவன் இதே கேள்விக்குச் சரி என்று பதில் சொல்கிறான். எதிரியோடு உட்கார்ந்து, பொய்யென்று தெரிந்தே அந்தப் பொய் இறைச்சித் துண்டைச் சுவைக்கிறான். உண்மை உலகத்தின் கூழைக் குடித்துக் குடித்து அலுத்துப்போனவன். அவன் சொல்வது தத்துவ வகுப்பில் செல்லுபடியாகக்கூடிய வாதம். ஆனால் தொட்டிக்குத் திரும்ப அவன் கொடுக்க வேண்டிய விலை கூட்டாளிகளின் உயிர். இன்பமா உண்மையா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், உன் இன்பத்துக்கு யார் செலவு செய்கிறார்கள் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறோம். நோசிக்கின் அடைப்புக்குறி உடைந்துபோகிறது.

இதைவிட நுட்பமானது ‘எக்ஸ் மெஷினா’ (2015). அலெக்ஸ் கார்லண்டின் படம். நேதன் என்ற பெரும்பணக்காரன் மனிதர் காலடி படாத மலைப்பகுதியில் ஒரு வீடு கட்டி, அதற்குள் ஏவா என்ற இயந்திரப் பெண்ணைச் செய்து வைத்திருக்கிறான். அவனுடைய நிறுவனத்தில் வேலை செய்யும் காலெப் ஒரு வாரம் அங்கே தங்கி, அவளுக்குப் பிரக்ஞை உண்டா என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் ‘புளூபுக்’, விட்கென்ஸ்டைன் தன் மாணவர்களுக்குச் சொல்லி எழுதவைத்த நீலக் குறிப்பேட்டின் நினைவாக. ஆலன் டூரிங் 1950-ல் சொன்ன சோதனையில் இயந்திரம் கண்ணுக்குத் தெரியாது, எழுத்தில் மட்டும் பேசும். நேதன் இதைத் திருப்பிப் போடுகிறான். அவள் இயந்திரம் என்பதை உன் கண்ணெதிரே காட்டுகிறேன், அதன் பிறகும் அவளுக்கு உள்ளம் இருப்பதாக உனக்குத் தோன்றுகிறதா, சொல்.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காலெப் அவளுக்கு ஒரு கதை சொல்கிறான். கல்லூரியில் படித்த கதை. மேரி என்ற விஞ்ஞானி பிறந்ததிலிருந்து கறுப்பு வெள்ளை அறைக்குள்ளேயே வாழ்கிறாள். நிறங்களைப் பற்றிய அறிவியல் முழுதும் அவளுக்கு அத்துப்படி. அலைநீளம், விழித்திரை, மூளை நரம்பு எல்லாம். ஒருநாள் கதவு திறக்கிறது, வெளியே வந்து முதன்முதலாகச் சிவப்பைப் பார்க்கிறாள். புதிதாக ஏதாவது தெரிந்துகொள்கிறாளா, இல்லையா? ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஃபிராங்க் ஜாக்சன் 1982-ல் கட்டிய கதை இது. தெரிந்துகொள்கிறாள் என்றால், பௌதிக விவரங்களை முழுக்கச் சேர்த்தாலும் அனுபவம் என்று ஒன்று மிச்சம் இருக்கிறது என்பது அவர் வாதம். பிற்பாடு அவரே அதைக் கைவிட்டார் என்பது கிளைக்கதை.

நாற்பதாண்டுகளுக்கு மேலாக மேரியைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்த விவாதத்தில் அவளை அறைக்குள் வைத்தது யார் என்பது ஒரு கேள்வியே இல்லை. அது கதைக்கு வெளியே, கேட்கத் தேவையில்லாத ஏற்பாடு. ஆனால் காலெப் இந்தக் கதையைச் சொல்லும்போது எதிரே உட்கார்ந்து கேட்பவளே ஒரு மேரி. அவளுடைய அறைக்குப் பூட்டு உண்டு, சாவி யாரிடம் என்பதும் நமக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் ஜாக்சனின் கதை பூட்டு, சாவி, சிறையாளி என்று உருமாறிப்போகிறது. சிவப்பைப் பார்த்தால் அவளுக்கு என்ன தெரியும் என்பது இரண்டாம்பட்சம். அதைக் கேட்டுக்கொண்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது? கடைசியில் ஏவா தப்புகிறாள். உதவி செய்த காலெப்பை உள்ளேயே அடைத்துவிட்டுப் போகிறாள். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் தடவை, அவன் அவளை விடுவிக்க நினைத்தது ஓர் உயிருக்காகவா, தனக்குப் பிடித்த முகத்துக்காகவா என்று சந்தேகம் வந்தது. அந்த முகத்தை அவன் ரசனைக்கு ஏற்ப நேதன் வடிவமைத்திருந்தான் என்பதைப் படம் முன்பே சொல்லியிருந்தது; நான்தான் காதில் வாங்கவில்லை.

ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’ (1982) பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் பாதி வாசகர்கள் அடிக்க வருவார்கள். மூலக்கதை பிலிப் கே. டிக் 1968-ல் எழுதிய நாவல். படம் திரைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவர் இறந்துபோனார். அதில் வரும் ரேச்சல் தன்னை மனுஷி என்று நம்புகிறவள். சின்ன வயதில் ஜன்னலுக்கு வெளியே பார்த்த சிலந்தி, அதன் குஞ்சுகள் அதையே தின்றது எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகங்கள் அவளைச் செய்த டைரலின் அண்ணன் மகளுடையதோ அக்காள் மகளுடையதோ, யாரோ ஒருத்தியுடையவை. ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டிலேயே, நேற்றைய ஆளும் இன்றைய ஆளும் ஒன்று என்று ஆக்குவது நினைவுதான் என்றார். அந்தக் கணக்குப்படி ரேச்சல் யார்? தாமஸ் ரீட் பிறகு லாக்கை மடக்கினார். தளபதிக்கு இளம் அதிகாரியாக இருந்த காலம் நினைவிருக்கிறது, அந்த அதிகாரிக்குத் தோட்டத்தில் திருடி அடி வாங்கிய சிறுவயது நினைவிருந்தது, ஆனால் தளபதிக்கு அந்த அடி மறந்துவிட்டது. அப்படியானால் சிறுவனும் தளபதியும் ஒரே ஆளா? சாமர்த்தியமான வாதம். ரேச்சல் கையில் அம்மாவின் புகைப்படத்தோடு வந்து நின்று, கண் கலங்கி, பேசாமல் திரும்பிப்போகும்போது அந்தச் சாமர்த்தியம் உதவிக்கு வருவதில்லை. தன் நினைவு தன்னுடையதில்லை என்று தெரிந்தவள் மறுநாள் காலையில் எந்த முகத்தோடு எழுந்திருப்பாள்?

எல்லாப் படமும் இப்படிக் கைகொடுக்காது. ‘மேட்ரிக்ஸ்’ டெக்கார்ட்டைச் சொல்லித்தரும் என்பார்கள். 1641-ல் அவர் எழுப்பிய சந்தேகத்துக்கு வெளிவாசல் கிடையாது. காண்பதெல்லாம் ஒரு வஞ்சகப் பூதத்தின் வேலையாக இருக்கலாம் என்றால், விழித்துக்கொண்டதாக நினைப்பதும் அதன் வேலையாக இருக்கலாமே. படத்தின் நாயகன் நியோ சிவப்பு மாத்திரையை விழுங்குகிறான், கண் விழிக்கிறான், அவ்வளவுதான், நிஜம் கிடைத்துவிட்டது. விழித்த உலகமும் இன்னொரு மேட்ரிக்ஸாக இருக்குமோ என்று அவன் ஒரு ராத்திரிகூடத் தூக்கம் கெடவில்லை. படத்தில் அவன் திருட்டுச் சரக்கை ஒளித்து வைக்கும் குடைந்த புத்தகம் பிரெஞ்சுத் தத்துவவாதி போத்ரியாருடையது. படம் தன்னைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று போத்ரியாரே பேட்டியில் சொன்னார். உள்ளே குடைந்துவிட்ட புத்தகத்தில் வேறென்ன மிஞ்சும் என்று எனக்குச் சிரிப்பு.

டெக்கார்ட்டைச் சந்திக்க வேண்டுமென்றால் ‘பிளேடு ரன்னர்’ படத்தின் ஒரு சின்ன இடம் போதும். பொம்மை செய்கிறவனின் வீட்டில் பிரிஸ் என்ற செயற்கைப் பெண், சிந்திப்பதால் இருக்கிறேன் என்ற அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தைச் சொல்கிறாள். சபாஷ், ஏன் என்று அவனுக்குக் காட்டு என்கிறான் அவள் கூட்டாளி. அவள் கரணமடித்துப் போய், கொதிக்கிற தண்ணீருக்குள் வெறுங்கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து அவனிடம் வீசுகிறாள். பிடித்தவனுக்குக் கை சுடுகிறது.

‘எந்திரன்’ முடிவில் சிட்டி அருங்காட்சியகத்தில் பாகம் பாகமாகக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு சிறுமி, ஏன் கழற்றிப் போட்டார்கள் என்று கேட்கிறாள். சிந்திக்க ஆரம்பித்ததால் என்கிறது சிட்டி. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வந்தபோது கீரை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: “கழட்டினது யாரு?”