பேர்ண் நகருக்குத் தொகுதி கிடையாது

சென்னையில் மக்களவைத் தொகுதிகள் 3. 2024-இல் மூன்றையும் தி.மு.க. அள்ளிக்கொண்டது, தோற்றவர்களுக்கு விழுந்த லட்சக்கணக்கான வாக்குகளுக்கு டெல்லியில் ஓர் இருக்கைகூட இல்லை. சுவிஸ் அரசு உட்கார்ந்திருக்கும் பேர்ண் நகரில் கணக்கே வேறு. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வாழும் அந்நகருக்கென்று ஒரு தொகுதியும் கிடையாது. பேர்ண் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. 200 பேர் கொண்ட தேசிய அவையில் அதற்கு 24 இடம்.

நகராட்சியில் 1993 முதல் இடதுசாரி-பசுமை அணிக்கே பெரும்பான்மை. மாநிலத்தில் பெரிய கட்சியோ வலதுசாரி எஸ்.வி.பி. மலையடிவாரக் குடியானவரின் வாக்கும் நகரத்து மாணவியின் வாக்கும் ஒரே கூட்டலில்தான் சேர்கின்றன.

வாக்குச்சீட்டில் 24 வரி. ஒருவருக்கு 24 வாக்கு. பிடித்தவர் பெயரை இருமுறை எழுதலாம், வேறு கட்சிக்காரரையும் நடுவில் நுழைக்கலாம். 20 பெயரோடு நிறுத்தினால், மிச்சம் 4 வாக்கும் சீட்டின் தலைப்பில் உள்ள கட்சிக்குப் போகும். தலைப்பில் கட்சியே இல்லையென்றால் அந்த நாலும் வீண். எண்ணி முடித்ததும் எல்லாக் கட்சிகளின் மொத்த வாக்கை 25-ஆல் வகுத்து, அதற்கு அடுத்த முழு எண்ணை ஓர் இடத்தின் விலையாக வைக்கிறார்கள். அதாவது 4 சதவீதத்துக்குச் சற்று மேல். உதிரிக் கட்சிகள் பட்டியல்களை இணைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2023 அக்டோபர் 22 தேர்தலில் எஸ்.வி.பி. 27.9 சதவீதம், 62 இடம். சோஷலிஸ்ட்கள் 18.3 சதவீதம், 41 இடம். தாராளவாத எஃப்.டி.பி. 14.3 சதவீதம் வாங்கி 28 இடம் பெற, 14.1 சதவீதம் வாங்கிய மையக் கட்சிக்கு 29. ஒரே ஓர் இடம் உள்ள மாநிலங்கள் 6 இருக்கும்போது விகிதாசாரமும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும்.

அந்தச் சதவீதங்களே முதலில் தவறாக வந்தன. மையக் கட்சி 14.6, எஃப்.டி.பி. 14.4 என்று புள்ளிவிவர அலுவலகம் அறிவிக்க, முந்திவிட்டோம் என்று ஒரு தரப்பு கொண்டாடியது. கிளாரஸ், இரண்டு அப்பென்செல் மாநிலங்கள் ஆகிய மூன்றின் வாக்குகளும் கணினியில் பல மடங்காக ஏறியிருந்தன. மூன்றாம் நாள் திருத்தம் வந்தது. இடங்கள் மாறவில்லை, மாறியது கௌரவம்தான்.

இன்னொரு கணக்கு நம்மவர்களைத் தொடுவது. 200 இடங்களும் மாநிலங்களுக்குப் பங்கிடப்படுவது குடிமக்கள் எண்ணிக்கைப்படி அல்ல, நிரந்தரமாக வசிப்போர் எண்ணிக்கைப்படி. ஓர் இடத்துக்குச் சுமார் 43,000 தலை. இந்தக் கணக்கில்தான் 2023-இல் சூரிச் 35-இலிருந்து 36-க்கு ஏறியது, பாசல் நகர மாநிலம் 5-இலிருந்து 4-க்கு இறங்கியது. அந்தத் தலைகளில் ஏறக்குறைய கால்வாசி, வாக்குரிமையற்ற வெளிநாட்டவர். சிவப்பு நிற சுவிஸ் பாஸ்போர்ட் இல்லாத ஈழத் தமிழரும் அதில் அடக்கம். அந்தப் பாஸ்போர்ட்டை வாங்க 10 ஆண்டு வசிப்பும் ‘சி’ எனும் நிரந்தர வசிப்பு அனுமதியும் வேண்டும். இலங்கையில் பிறந்த ஃபாரா ரூமி அதே 2023-இல் சொலோதூர்ன் மாநிலத்தின் 6 இடங்களில் ஒன்றைப் பிடித்தார். வாக்குரிமை இல்லாதவர்கள் ஒருபுறம் இருக்க, அந்தத் தேர்தலில் வாக்குரிமை உள்ளவர்களில் அதைப் பயன்படுத்தியவர்கள் 46.7 சதவீதம்.