சத்தியம் மட்டும் போதுமா?

சீன மருத்துவர் மாற்கு ஜி தியான்சியாங், வயிற்று நோய்க்காக உட்கொண்ட அபினுக்கே அடிமையானார். திரும்பத் திரும்ப அதே பாவத்தை அறிக்கையிட்டதால் குருவானவர் பாவமன்னிப்பு மறுத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நற்கருணையின்றியே ஆலயம் வந்தவர், 1900-இல் மறைசாட்சியானார். 2000-இல் புனிதர் பட்டம் பெற்றார்.

அந்தக் குருவை நான் குறைசொல்ல மாட்டேன். போதை ஒரு நோய் என்று அன்று அவர் அறிந்திருக்கவில்லை. நாம் அறிவோம். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் சிகிச்சைப் பணியைத் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாருக்கும் வழிகாட்டினார்.

நம் ஓட்டப்பிடாரத்திலோ சாம்பல் புதனன்று சத்தியம். உயிர்ப்பு ஞாயிறன்று மறுபடியும் குடி! நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே பாவசங்கீர்த்தனம் செய்த கையோடு மருத்துவரிடமும் செல்லுங்கள். அரசின் இலவச உதவி எண் 14446. குடியை விட்ட அன்பர்களே, நீங்கள் துணைக்குப் போங்கள். சாமியார் சொன்னால் தலையாட்டுவார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.