நின்ற தேரை நகர்த்தும் முதல் இழுப்பு

உக்குவளையில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு வருடம் காசு சேர்த்து ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்கினான். பொருத்தினான். கணினி எழுந்தது. கடிதம் தட்டச்சு செய்ய முடிந்தது, படம் பார்க்க முடிந்தது. பிறகு விளையாட்டு ஒன்றைத் திறந்தான். பத்தே விநாடி. திரை இருண்டது, விசிறிகள் நின்றன, பெட்டி முழுவதும் அடங்கிப்போனது. வெடிச் சத்தம் இல்லை, கருகிய வாடையும் இல்லை. சுவிட்சை மறுபடி தட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்தது.

“கார்ட் பழுதா மாமா?” என்று கேட்டான்.

“பவர் சப்ளை காணாதோ?” என்றேன்.

“அதெப்படி? 500 வாட்னு பெரிசா போட்டிருக்கே!”

அவன் கேட்டது நியாயம். அந்தக் கார்ட் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060. அது உண்பது 170 வாட். 500இல் 170 போனால் மீதி 330. பிறகு ஏன் காணாது? ‘காணும்’, ‘காணாது’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்குள் எவ்வளவு பொறியியல் அடங்கியிருக்கிறது என்பதை அறிய, அந்த இரும்புப் பெட்டிக்குள் ஒருமுறை போய் வரவேண்டும்.

பயணத்தை அவன் ஊரிலிருந்தே தொடங்கலாம். பொல்கொல்லையில் மகாவலி ஆற்றை மறித்து, அதன் நீரில் ஒரு பகுதியைச் சுமார் 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியாக மலையைக் குடைந்து மாத்தளைப் பக்கம் கொண்டுவருகிறார்கள். அந்த நீர் 1976 முதல் உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டுச் சுது கங்கையில் கலக்கிறது. நிலையத்தின் கொள்திறன் சுமார் 40 மெகாவாட். விளையாட்டு ஓடும் கணினி ஒன்று 400 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரே நேரத்தில் ஒரு இலட்சம் கணினிகளுக்கு அது காணும்.

நீர்மின் நிலையத்தின் கணக்குத்தான் கணினிக்குள்ளும் நடக்கிறது. நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, எவ்வளவு நீர் விழுகிறது: இரண்டும் சேர்ந்தே எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மின்சாரத்தில் உயரத்தின் இடத்தில் இருப்பது வோல்ட். நீரோட்டத்தின் இடத்தில் இருப்பது அம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட். பாடசாலைப் புத்தகம் ‘வலு’ என்று சொல்வது இதைத்தான். ஆகவே பவர் சப்ளையை இனி வலு வழங்கி என்றே அழைப்போம்.

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஆடலோட்டம். அதாவது விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஊசலாடும் மின்சாரம். கணினிக்கு வேண்டியது 12 வோல்ட் நேரோட்டம், ஒரே திசையில் ஆடாமல் அசையாமல் போவது. 230ஐ 12 ஆக இறக்கவேண்டும் என்றால் முதலில் என்ன செய்வீர்கள்? நல்ல வலு வழங்கி அதை முதலில் ஏற்றுகிறது! ஊசலாட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பி, ஏறத்தாழ 390 வோல்ட்டுக்கு உயர்த்தி, பெரிய கொள்ளளவி ஒன்றில் தேக்குகிறது. கடைக்காரர் ‘கெப்பாசிட்டர்’ என்று சொல்லும் அந்த உருளை மின்சாரத்தின் குளம். உயரத்தில் குளம் கட்டினால் சிறிய குளத்திலும் பெரிய வலிமையைச் சேமிக்கலாம் அல்லவா? அதே தந்திரம். வயரைக் கழற்றிய பிறகும் இந்தக் குளம் உடனே வற்றாது. வீட்டில் எவரும் அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடாது என்று எச்சரிப்பதற்குக் காரணமும் இதுதான்.

அடுத்தது வெட்டும் வேலை. தேங்கிய மின்சாரத்தைத் திரான்சிஸ்டர்கள் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை வெட்டி வெட்டி ஒரு நிலைமாற்றிக்குள் அனுப்புகின்றன. டிரான்ஸ்போமர் என்றால் பழைய வானொலிப் பெட்டிக்குள் இருந்த கனத்த இரும்புக் கட்டிதான் பலருக்கு நினைவுவரும். 500 வாட்டைச் சுவரின் வேகத்திலேயே கடத்துவதானால் பல கிலோ எடையுள்ள கட்டி வேண்டும். ஒவ்வொரு ஊசலுக்கும் அது 10 ஜூல் சக்தியைச் சுமக்கவேண்டும். ஒரு இலட்சம் தடவை வெட்டினால் ஒரு தடவைக்கு 0.005 ஜூல் போதும். வாளியால் ஆறுதலாக இறைப்பதைக் கரண்டியால் மின்னல் வேகத்தில் இறைப்பது போல. அதனால்தான் அந்த நிலைமாற்றி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினிக்கு ரொட் ஹோல்ட் என்ற பொறியியலாளர் இந்த வெட்டும் முறையில் வலு வழங்கி வடிவமைத்தார். கனமான கட்டியும் அதன் சூடும் இல்லாததால் அந்தக் கணினி ஒரு மேசைப் பொருளாகச் சுருங்க முடிந்தது.

இன்னொன்றைக் கவனியுங்கள். சுவர்ப் பக்கத்தையும் கணினிப் பக்கத்தையும் மின்சாரம் கடத்தும் எந்த வயரும் நேராக இணைப்பதில்லை. சக்தி நிலைமாற்றியின் காந்தப் புலமாக இடைவெளியைத் தாண்டுகிறது. மறுபக்கத்தில் 12 வோல்ட் சற்றுக் குறைந்தால், “இன்னும் கொஞ்சம் அனுப்பு” என்ற செய்தி திரும்பி வரவேண்டுமே? பெரும்பாலான வழங்கிகளில் அது ஒளியாக வருகிறது. நகக்கண் அளவுள்ள ஒரு கறுப்புச் சில்லுக்குள் சின்ன விளக்கொன்று மினுங்க, எதிரே இருக்கும் உணரி அதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறது. காந்தமாகப் போய், ஒளியாகத் திரும்பும் இந்த உரையாடலால் 12 வோல்ட் என்றும் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்கிறது.

இப்போது கிராபிக்ஸ் கார்டுக்குள் போவோம். அதன் மூளையான சில்லுக்கு 12 வோல்ட்டும் அதிகம். ஏறத்தாழ 1 வோல்ட்தான் வேண்டும். உயரம் குறைந்தால் நீர் அதிகம் வேண்டும். 120 வாட்டை 1 வோல்ட்டில் கொடுப்பதானால் 120 அம்பியர்! கார் எஞ்சினை உதைத்து எழுப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் அளவு அது. விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சில்லொன்று அவ்வளவையும் மணிக்கணக்காகக் குடிக்கிறது. ஒரே சுற்றால் இதைத் தாங்க முடியாது. கார்டில் பல சிறு சுற்றுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. எப்படி? ஒரே உரலில் மூன்று பெண்கள் நெல் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளுடையது ஏறும், ஒன்றும் முட்டாது, உரல் ஒரு கணமும் ஓயாது. அந்தச் சுற்றுகளும் அப்படியே முறைவைத்து, விநாடிக்கு இலட்சக்கணக்கான தடவை குத்துகின்றன.

கணினி அணைந்ததன் மர்மம் இங்கேதான் அவிழத் தொடங்குகிறது. 170 வாட் என்பது சராசரி. விளையாட்டில் ஒரு கதவு திறந்து திடீரென ஒரு காடு தெரிகிறது என்று வையுங்கள். சில்லின் ஆயிரக்கணக்கான கணிப்பான்கள் ஒரே கணத்தில் விழித்தெழுகின்றன. விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இழுப்பு இரு மடங்குக்கும் எகிறலாம். வீட்டு மின்மானிக்கு அது தெரியாது. வலு வழங்கிக்குத் தெரியும்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத்தில் ஐந்து தேர்கள் புறப்படும். வடம் பிடித்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஓடும் தேரை இழுப்பது எளிது. நின்ற தேரை நகர்த்தும் அந்த முதல் இழுப்புத்தான் கடினம். எத்தனை பேர் வேண்டும் என்பதை ஓட்டத்தை வைத்து அல்ல, அந்த முதல் இழுப்பை வைத்தே கணக்கிடவேண்டும். கிராபிக்ஸ் கார்டோ விநாடிக்குப் பல தடவை நின்று நின்று கிளம்பும் தேர். இதை உணர்ந்துதான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், புதிய வகை கார்ட் இணைப்பி கொண்ட பெரிய வழங்கிகள் தங்கள் அளவைப் போல் இரு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்கவேண்டும் என்று விதித்தது. ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

ஒரு கணத் தடுமாற்றம் என்ன செய்யும் என்பதை 2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதுமே பார்த்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நிலைமாற்றியில் பட்டதே காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். சமநிலை குலைந்த சிறிது நேரத்தில் தீவு முழுவதும் இருண்டது. மின்தொகுதிகளை விழுத்துவது சராசரி அல்ல. ஒரு கணம்தான்.

கணங்களைத் தாங்கவே அந்தக் கொள்ளளவிக் குளம் இருக்கிறது. சுவர் மின்சாரம் திடீரென நின்றாலும் நல்ல வழங்கி 16, 17 மில்லி விநாடி வரை கணினியைத் தாங்கிப் பிடிக்கும். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு துண்டுதான். ஆனால் வீட்டு யூபிஎஸ் விழித்துக்கொள்ளச் சுமார் 10 மில்லி விநாடி எடுக்கலாம். அந்த இடைவெளியை நிரப்புவது இந்தக் குளம்தான். மழை நாளில் விளக்கு ஒருமுறை மினுங்கியும் கணினி அணையாமல் இருந்தால் அதற்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் யூபிஎஸ்ஸின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே வாட் என்று எடுத்துவிடக்கூடாது. 650 விஏ என்று விற்கப்படும் பல யூபிஎஸ்கள் தருவது 360 முதல் 390 வாட் வரைதான்.

இனி அந்த 500க்கு வருவோம். வழங்கியைத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்ன எழுத்து அட்டவணையை அக்கா மகனை வாசிக்கச் சொன்னேன். 3.3 வோல்ட்: 28 அம்பியர். 5 வோல்ட்: 30 அம்பியர். 12 வோல்ட்: 18 அம்பியர். பெருக்கிப் பார்த்தான். 92, 150, 216. கூட்டினால் 458. மிச்சத்தைச் சில்லறைகள் நிரப்பியிருக்கும். 1990களின் கணினி 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும்தான் அதிகம் உண்டது. இன்றைய செயலியும் கிராபிக்ஸ் கார்டும் ஏறத்தாழ முழுவதையும் 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன. அவனுக்கு உண்மையில் உதவக்கூடியது 216 வாட் மட்டுமே. விளையாட்டின் முதல் பெரிய இழுப்பில் வழங்கியின் பாதுகாப்புச் சுற்று எல்லை மீறியதைக் கண்டு தானே கதவை அடைத்தது. அது பழுதாகவில்லை. கடமையைச் செய்தது.

எவ்வளவு இருந்தால் காணும்? பென்சிலால் போடக்கூடிய கணக்குத்தான். கார்டுக்கு 170. அவனுடைய செயலி இன்டெல் ஐ5-12400. அதன்மேல் 65 என்று சொன்னாலும் முழு வேகத்தில் 117 வரை போகும். தாய்ப்பலகை, நினைவகம், வட்டு, விசிறிகளுக்கு 50. மொத்தம் 337. இதன்மேல் முதல் இழுப்புக்கு இடம் வேண்டும். வருடங்கள் ஓட ஓடச் சூட்டில் வறண்டு சுருங்கும் கொள்ளளவிகளுக்கும் இடம் வேண்டும். இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் அளவு 550 வாட். அதில் 12 வோல்ட் வரியில் 45 அம்பியர் இருந்தால் 540 வாட். அதுதான் பார்க்கவேண்டிய எண்.

வயரையும் பார்க்கவேண்டும். தாய்ப்பலகைப் பொருத்தி தானாகத் தருவது அதிகபட்சம் 75 வாட். ஆறு ஊசி வயர் இன்னொரு 75. எட்டு ஊசி வயர் 150. எட்டு ஊசியில் மேலதிகமாக உள்ள இரண்டும் மின்சாரத்தைக் கொண்டுவருவதில்லை. “நான் எட்டு ஊசி வயர், 150 எடுக்கலாம்” என்று கார்டுக்கு அடையாளம் சொல்வதில் அவற்றுக்குப் பங்குண்டு. எங்கள் பழைய வழங்கியில் அந்த வயரே இல்லை. வட்டுக்குப் போகும் வயரிலிருந்து ஒரு மாற்றுத் துண்டு போட்டிருந்தான். அந்த வட்டு இணைப்பி 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். பெட்டி தானே அணைந்திராவிட்டால் அந்தத் துண்டு உருகியிருக்கலாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கழற்றி மாட்டும் வயர்களை ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவே கூடாது. கார்டின் பக்கம் முனை ஒன்றுபோல் இருந்தாலும் வழங்கியின் பக்கம் ஊசிகளின் ஒழுங்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு.

“550 வாங்கினா கரண்ட் பில் கூடாதா?” என்று அக்கா அடுப்படியிலிருந்து கேட்டார். பெரிய பானையில் ஒரு கொத்து அரிசி போட்டால் ஒரு கொத்துச் சோறுதான். வழங்கி தன் அளவை எப்போதும் இழுப்பதில்லை. கணினி கேட்பதைத்தான் இழுக்கிறது. கூடவே மாற்றும்போது சூடாகப் போகும் ஒரு பங்கு. 100க்கு 85 பயன்தரும் வழங்கியானால், கணினி 340 கேட்கும்போது சுவரிலிருந்து 400 எடுக்கும். நான்கு மணி நேரம் விளையாடினால் 1.6 அலகு. 2004இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ முத்திரை, அரைச் சுமையிலும் முழுச் சுமையிலும் குறைந்தது 80 பங்காவது பயன்படுகிறது என்பதற்கான அத்தாட்சி.

புதிய வழங்கியைப் பொருத்தினோம். விளையாட்டில் அதே கதவு திறந்தது, காடு விரிந்தது. பத்து விநாடி, பத்து நிமிடம், ஒரு மணி நேரம். பெட்டி மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. இரவு நான் கிளம்பும்போது அக்கா மகன் பழைய வழங்கியின் பெட்டியை மடியில் வைத்திருந்தான். பெரிய 500ஐக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 216 என்று எழுதினான். அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: தேர் கிளம்பக் காணாது.