சொல்லாமல் போகலாமா?

மரணத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பேச்சு எதற்கு?" என்று நம் வீடுகளில் வாயை அடைத்துவிடுவார்கள். நம் முன்னோருக்கு இந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. ஏட்டிலும் கல்லிலும் அவர்கள் சாவைப் பற்றி மனம் விட்டுப் பேசியிருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. பேசாமல் இருப்பவர்கள் நாம்தான்.

முதலில் ஏட்டைப் பார்ப்போம். கடோபநிஷதத்தில் வரும் நசிகேதன் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். "என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று நச்சரித்த மகனிடம், "எமனுக்கு" என்று கோபத்தில் சொல்லிவிடுகிறார் தந்தை. பையன் எமன் வீட்டுக்கே போய், மூன்று இரவுகள் சாப்பிடாமல் காத்திருக்கிறான். விருந்தாளியைக் காக்க வைத்த குறைக்கு ஈடாக எமன் மூன்று வரம் தருகிறான். செத்தபின் மனிதன் இருக்கிறானா இல்லையா என்ற பெரிய கேள்வி மூன்றாவது வரம். பொன்னும் யானையும் நீண்ட ஆயுளும் தருகிறேன், இதை மட்டும் கேட்காதே என்று எமனே மன்றாடுகிறான். எல்லோரும் வியந்து பேசுவது இதைத்தான்.

எனக்கு முதல் வரம்தான் பெரிதாகப் படுகிறது. தந்தையின் கோபம் தணிய வேண்டும், அவர் மனம் அமைதியடைய வேண்டும் என்பதே அது. எமன் வாசலில் நின்ற பிள்ளை, மறுமையைக் கேட்கும் முன் வீட்டில் இருப்பவரின் நிம்மதியைக் கேட்டான்.

அடுத்தது கல். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடுவது முதல் போற்றிப் பாடுவது வரை ஆறும் இருப்பவர் செய்ய வேண்டிய வேலைகள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் மாண்டவனின் பெயரைக் காத்து வைத்திருக்கிறது.

இதற்காகத் தேனி வரை போகவேண்டியதில்லை. மும்பை அன்பர்கள் போரிவலி மேற்கிலுள்ள எக்சருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். சிலாஹாரர் காலத்தவை என்று சொல்லப்படும் வீரக்கற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். கீழ் அடுக்குகளில் போர். துடுப்புகளோடு கூடிய கப்பல்களைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேலே வீரன் சுவர்க்கம் போகிறான். இன்னார் எப்படி மாண்டார், எங்கே போனார் என்று ஊரே ஒத்துக்கொண்டு எழுப்பிய சாட்சி அது.

போர்க்களத்தில் விழுந்தவன் சாவில் ஐயமில்லை. இன்று நம் சாவு தீவிர சிகிச்சைப் பிரிவில், இயந்திரங்களுக்கு நடுவே நேர்கிறது. எப்போது போதும் என்று யார் சொல்வது?

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973-இல் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தவர், 2015 மே மாதம் வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே நிலையில் கிடந்தார். அவர் வாழ்க்கையை நூலாக எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, அவரை நிம்மதியாகப் போக விடுங்கள் என்று வழக்குத் தொடுத்தார். பார்த்துக்கொண்ட செவிலியர்களோ, அவர் வாழட்டும் என்றார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் செவிலியர் பக்கம் நின்றது. ஆனால் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கு, கடும் நிபந்தனைகளோடு வழி திறந்தது. இரு தரப்பும் அன்பினால்தான் பேசின. அருணா என்ன விரும்பினார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

என் அண்ணா விஷயத்திலும் அதேதான் நடந்தது. பத்தொன்பது நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். "அப்பாவை வதைக்காதீர்கள்" என்றான் மூத்தவன். "கைவிடச் சொல்கிறாயா?" என்றான் இளையவன். அண்ணி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணா போய்ச் சேர்ந்து ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இருவரும் இன்றும் தனித்தனியாகத்தான் திவசம் கொடுக்கிறார்கள்.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையே என்று தீர்ப்பளித்தது. 'லிவிங் வில்' எனப்படும் முன்விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது மாஜிஸ்திரேட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். நம் சார்பில் பேச வேண்டியவர் யார் என்று பெயர் குறிப்பிட வேண்டும். எழுதிவிட்டதாலேயே சிகிச்சையை நிறுத்திவிட மாட்டார்கள்; மீள வழியில்லை என்று இரண்டு மருத்துவக் குழுக்கள் உறுதி செய்ய வேண்டும். மனம் மாறினால் ஆவணத்தை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். கடைசி மூச்சு வரை எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், அதையும் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஒரு பிள்ளை புனேயில், ஒரு பிள்ளை அமெரிக்காவில், பெரியவர்கள் திருநெல்வேலியில் என்றிருக்கும் குடும்பம், நள்ளிரவில் தொலைபேசியில் எப்படி முடிவெடுக்கும்?

ரயில்வேயில் ஒரு செக்‌ஷனிலிருந்து மாறுதலாகிப் போகும்போது, ஒப்படைப்புக் குறிப்பு எழுதாமல் நாங்கள் போக முடியாது. எந்தப் பாலத்தில் விரிசல், எந்த வளைவில் வேகக் கட்டுப்பாடு, ஸ்டோரில் எத்தனை ஃபிஷ் பிளேட் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அடுத்து வருபவன் இருட்டில் தடவக்கூடாது. சாதாரண மாறுதலுக்கே இவ்வளவு என்றால், திரும்பி வராத மாறுதலுக்கு?

சென்ற மாதம் என் குறிப்பை எழுதி முடித்து, என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்கும் ஒன்று எழுதுங்கள். ஆனால் நீங்களாக எதையும் எழுதக்கூடாது, நான் சொல்வதைத்தான் எழுத வேண்டும்" என்றாள்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். நாற்பது வருடத்தில் நாங்கள் பேசாத பல விஷயங்களை அன்று பேசினோம்.