கதிருக்கும் கத்திக்கும் இடையில்

மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்மருத்துவமும் வேதிமருந்தும் ஒருசேர அளித்து முடித்தபின் அறுவை மருத்துவத்தை எப்போது செய்வது? திருப்பெரும்புதூர் ஒரகடம் ஆலைகளில் மாறுமுறை வேலை பார்க்கும் தொழிலாளிக்கு இது உயிர் வினா. ஏனெனில், அந்த இடைக்காலத்தில்தான் பலர் தாம் நலமடைந்துவிட்டதாக எண்ணுகின்றனர். குருதிப்போக்கு நிற்கிறது, வலி தணிகிறது, வேலையும் வீட்டுக் கடனும் அழைக்கின்றன. ஆனால் நோய் தீர்ந்திருப்பது உறுதியன்று.

வழக்கமான முறையில் 50.4 கிரே கதிரளவை 28 தவணைகளாகப் பகுத்து ஐந்தரைக் கிழமைகளில் அளிப்பர். உடன் தரும் கேப்சிட்டபின் போன்ற மருந்து, கதிரின் தாக்கத்தை மிகுவிக்கும். கதிர் உயிரணுவின் மரபிழையை அறுக்கிறது. இழை அறுந்த அணு அன்றே மடிவதில்லை. பிளந்து பெருக முற்படும்போதுதான், சில வேளை ஓரிரு பிளவுகளைக் கடந்த பின்னரே, சிதைகிறது. ஆகவே கதிர்ப்பொறி ஓய்ந்த பின்னும் கட்டி பல கிழமைகள் சுருங்கியவாறே இருக்கும். காத்திருக்கும் நாளும் மருத்துவ நாளே.

பிரான்சின் லியோன் நகரில் 1991 முதல் 1995 வரை, கதிர்மருத்துவம் மட்டும் பெற்ற 201 பேரிடம் இதனை ஆய்ந்தனர். இரண்டு கிழமைகளில் அறுவை செய்துகொண்டோருள் 10.3 விழுக்காட்டினருக்கே நோய்நிலை இறங்கியிருந்தது. ஆறு முதல் எட்டுக் கிழமை காத்தவருள் 26 விழுக்காட்டினருக்கு இறங்கியிருந்தது.

அப்படியாயின் இன்னும் காத்தால் இன்னும் நன்றா? வேதிமருந்தும் கதிரும் பெற்ற 265 பேரை ஏழு கிழமை, பதினொரு கிழமை என இரு பிரிவாக்கிப் பிரெஞ்சு மருத்துவர்களே பின்னர் ஆய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். கட்டி முற்றிலும் மறைந்தவர் 15 விழுக்காடும் 17.4 விழுக்காடும், பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. அறுவைக்குப் பிந்திய சிக்கல்களோ 32 விழுக்காட்டிலிருந்து 44.5ஆக உயர்ந்தன. கதிர்பட்ட திசு நாளடைவில் நாராகி இறுகும். மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையைக் கிழியாமல் முழுமையாக அகற்ற வேண்டும் என்று ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹீல்ட் 1982இல் வலியுறுத்தினார். திசு இறுகினால் அப்பணி கடினமாகிறது. என் பார்வையில், பிந்திய ஆய்வு தந்த இந்த எச்சரிக்கை முந்தியதன் நம்பிக்கைக்கு நிகரான மதிப்புடையது.

இன்று பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு கிழமைகளுக்குள் அறுவை நடக்கிறது. இடைக்காலத்திலேயே வேதிமருந்தைத் தொடர்வதும் உண்டு. அறுவைக்கு முன் விரலாய்வு, அகநோக்கி, காந்தப்படம் ஆகியவற்றால் நோயை மீண்டும் அளப்பர். கட்டி முழுதும் மறைந்த சிலரை அறுக்காமலே கண்காணிக்கலாம் எனப் பிரேசிலின் ஆஞ்செலிட்டா ஆபர் காமா 2004இல் காட்டினார். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் தவறாமல் ஆய்வுக்கு வரும் கட்டுப்பாடு. நோயாளி தாமாக மருத்துவமனையை மறப்பது கண்காணிப்பு ஆகாது.

கதிரையும் மருந்தையும் இணைத்தாளும் நெறி நமக்குப் புதிதன்று. முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், மருத்துவர்கள் கிருட்டிணமூர்த்தியும் சாந்தாவும் வாய்ப்புற்றில் அதனை ஆய்ந்தவர்கள். திருப்பெரும்புதூரிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையிலேயே, காஞ்சிபுரத்துக் காரப்பேட்டையில், 1969இல் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. தகுதி பெற்ற இ.எஸ்.ஐ. காப்பீட்டாளருக்குப் புற்றுநோய் உள்ளிட்ட நெடுநோய்களுக்காக, ஊதியத்தின் 80 விழுக்காடு இரண்டாண்டு வரை கிடைக்கும் நீட்டித்த உதவியும் உள்ளது.

ஆகவே தோழரே, கடைசிக் கதிர்த் தவணை முடியும் அன்றே, மறு ஆய்வு நாளையும் அறுவை நாளையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அத்தாளின் படியொன்றை ஆலை அலுவலகத்தில் கொடுத்து விடுப்பு கேளுங்கள். ஆலை மேலாளர்களே, அந்த விடுப்பை மறுக்காதீர்கள்.