லேப்டாப்பில் பாடினால் குரல் பிந்திக் கேட்கிறதா? தப்பு உங்கள் தாளத்தில் இல்லை!

குன்னூரில் இருந்துகொண்டு ஒரு படுகப் பாட்டைப் பதிவு செய்ய, இப்போது மலை இறங்கி கோவையில் ஸ்டுடியோ தேட வேண்டியதில்லை. லேப்டாப்பும் மைக்கும் போதும். ஆனால் பாடத் தொடங்கியதும் தன் குரலே கொஞ்சம் பிந்திக் காதில் விழும். தாளம் தள்ளாடும். 'நமக்குத்தான் பாட வரலையோ' என்று தோன்றிவிடும். இந்தத் தாமதத்துக்குப் பெயர்தான் லேட்டன்சி.

லேப்டாப் ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்பாது. குடம் நிறைந்த பிறகே அடுத்த இடத்துக்குக் கொடுக்கும். அந்தக் குடம்தான் பஃபர். விநாடிக்கு 48,000 சாம்பிள் கணக்கில், 1,024 சாம்பிள் பஃபர் நிறைய சுமார் 21 மில்லி விநாடி ஆகும். உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது மறுமுறை. 128-க்குக் குறைத்தால் ஒரு முறைக்கு 3 மில்லி விநாடிக்கும் குறைவு; ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கும் நேரம்தான் அது. ரொம்பவும் குறைத்தால் பிராசஸர் திணறி, 'படபட' சத்தம் கேட்கும். அதனால் பாடும்போது சின்ன பஃபர், மிக்ஸிங் செய்யும்போது பெரியது.

விண்டோஸில் இன்னொரு சிக்கல், டிரைவர். சாதாரண டிரைவரில் ஒலி, எல்லா ஆப்களின் சத்தத்தையும் கலக்கும் மிக்ஸர் வழியாகச் சுற்றிப் போகும். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த ஏசியோ அதைத் தவிர்த்து நேராகப் போகும். ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருந்தால் அதன் நிறுவனம் தரும் ஏசியோ டிரைவரையே போடுங்கள். இல்லாதவர்களுக்கு 'ஏசியோ4ஆல்' இலவசம். மேக்கில் இந்தத் தலைவலி குறைவு. கோர் ஆடியோ உள்ளேயே இருக்கிறது.

புது லேப்டாப்புக்குப் பணம் சேர்க்கும் முன் ஹெட்போனையும் பாருங்கள். ப்ளூடூத் என்றால் அதுவே 100 மில்லி விநாடிக்கு மேல் சாப்பிட்டுவிடலாம். வயர் ஹெட்போனை மாட்டிப் பாடுங்கள்.