வணிகக் கடிதத் தொழிலின் வருங்காலம்

வணிகம் பொருளால் நடைபெறுவது என்பர். உண்மையில், பொருள் கைமாறுவதற்கு முன்னர்ச் சொல் கைமாறுகின்றது. இன்ன விலைக்கு இத்தனை மூட்டை, இன்ன நாளில் அனுப்புவோம், இன்ன தவணையில் பணம் செலுத்துக என்று ஒருவர் எழுத, மற்றொருவர் அதனை நம்பி இசைந்த பின்னரே வண்டி நகர்கின்றது. இவ்வாறு எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டோர் எக்காலத்தும் இருந்துள்ளனர். கடைக் கணக்கர், குமாஸ்தா, சுருக்கெழுத்தாளர், காரியதரிசி, இந்நாளில் செய்தித் தொடர்பு அலுவலர் எனப் பெயர் மாறினும் தொழில் ஏறக்குறைய ஒன்றே. 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சாட்ஜிபிடி என்னும் பொறி பொதுமக்கள் கைக்கு வந்தது முதல், இத்தொழில் இனி நிலைக்குமா என்னும் ஐயம் பலர்க்கும் எழுந்துள்ளது. பட்டம் பெற்ற பின் எழுத்தை நம்பி வாழக் கருதும் எம் போன்ற மாணவர்க்கு இஃது ஏட்டு வினா அன்று, சோற்று வினா. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

பொறி இத்தொழிலைத் தீண்டுவது இது முதன்முறையன்று. 1837-இல் ஐசக் பிட்மன் என்பார் இங்கிலாந்தில் தம் சுருக்கெழுத்து முறையை வெளியிட்டார். 1874-இல் அமெரிக்க நாட்டு ரெமிங்டன் நிறுவனத்தார் தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதற்கு முன்னர் அலுவலகத்தில் அழகிய கையெழுத்துடையானுக்குத் தனி மதிப்பு இருந்தது. கடிதங்களைப் படியெடுப்பதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். பொறி வந்தபின் அவர் தொழில் மறைந்தது. ஆயின் கடிதம் எழுதுவிக்கும் செலவு குறையவே கடிதங்கள் பெருகின. அவற்றை எழுதுவோரும் பெருகினர். மேல்நாடுகளில் பெண்டிர் அலுவலக வாயிலுட் புகுந்தது பெரிதும் இப்பொறியின் வழியாகவே. நம் நாட்டிலும், தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவிற்கும் தில்லிக்கும் இரயிலேறிய தமிழ் இளைஞர் பலர். யாழ்ப்பாணத்தவராகிய ஆர். முத்தையா தமிழுக்கும் ஒரு தட்டச்சுப் பொறியை அமைத்துத் தந்தார். 247 எழுத்துக்களை ஒரு சிறு விசைப்பலகையில் அடக்கிய அவ்வருமையைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதலாம், ஈண்டு விடுக்கின்றோம். 1955-இல் இந்தியாவில் தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கிய கோத்ரேஜ் நிறுவனம் 2009-இல் அத்தொழிலை நிறுத்திற்று.

இவ்வரலாற்றைக் காட்டி, "அன்றும் அஞ்சினர், ஒன்றும் நேரவில்லை, இன்றும் அஞ்சற்க" என்று ஆறுதல் கூறுவோர் உளர். இவ்வாறுதல் பாதியே உண்மை. ஒன்றும் நேரவில்லை என்று படியெழுதியோர் சொல்லமாட்டார். அன்றியும், அன்றைய பொறி கையின் வேலையை எடுத்துக்கொண்டது. வாசகம் அமைக்கும் வேலையை மனிதனிடமே விட்டது. இன்றைய பொறி கை வைத்திருப்பது அவ்வாசகத்தின்மேல். ஆதலின் இத்தொழிலில் வாசகத்திற்கு அப்பால் வேறொன்று உண்டா என்று தேடுதல் வேண்டும். உண்டு என்பதே எம் கருத்து. அதனைத் தந்தியின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

இந்தியாவில் முதல் தந்திக் கம்பி 1850-இல் கல்கத்தாவிற்கும் டைமண்ட் துறைமுகத்திற்கும் இடையே சோதனையாகப் போடப்பட்டது. அத்தந்திப் பணி 2013 ஜூலையில் முடிவுற்றது. தந்திக்குக் கட்டணம் சொற்கணக்கில் ஆதலின், எல்லா நாட்டு வணிகரும் சொற்செட்டுப் பழகினர். அது போதாமல் குறியீட்டு அகராதிகளும் தோன்றின. அவற்றுள் ஒன்றாகிய பென்ட்லியின் அகராதி 1906-இல் வெளிவந்தது. ஒரு முழு வாக்கியத்திற்கு ஐந்தெழுத்துக் குறியொன்றை அது வகுத்துத் தந்தது. சிக்கனம் நன்றே, எனினும் சொல் சுருங்கச் சுருங்கப் பிழையின் விலை ஏறுகின்றது.

1887-இல் பிலடெல்பியா நகரத்துக் கம்பளி வணிகர் பிரிம்ரோஸ் என்பார், கான்சஸ் மாகாணத்தில் இருந்த தம் முகவருக்குக் குறியீட்டுத் தந்தியொன்று விடுத்தார். அதில் 'பே' என்றொரு சொல். அவர்கள் குறியீட்டில் அதற்கு 'வாங்கிவிட்டேன்' என்பது பொருள். வழியில் ஒரு புள்ளி மிகுந்து, ஆங்கில எழுத்து 'ஏ' என்பது 'யூ' ஆயிற்று. 'பே' என்பது 'பை' ஆயிற்று. 'பை' என்றால் 'வாங்குக'. முகவர் உண்மையுள்ளவர்; வாங்கலானார். ஏறத்தாழ 3,00,000 இராத்தல் கம்பளி வாங்கியபின்னரே பிழை வெளிப்பட்டது. நட்டம் 20,000 டாலருக்கு மேல். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தந்தித் தாளின் பின்புறத்தில் ஒரு நிபந்தனை அச்சிடப்பட்டிருந்தது: பாதிக் கட்டணம் கூடுதலாகக் கொடுத்துச் செய்தியைத் திருப்பிச் சொல்லுவித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம், அவ்வாறு செய்யாதவர்க்குக் கட்டணத்திற்கு மேல் ஈடு இல்லை. 1894-இல் நீதிமன்றம் இந்நிபந்தனை செல்லும் என்றது. அவர் பெறத்தக்கதாகத் தீர்ந்த தொகை 1 டாலர் 15 சென்ட்.

நல்ல குமாஸ்தாவின் கூலி எதற்காக என்பதை இதனின்றும் அறியலாம். கம்பி சொல்லைக் கொண்டுசெல்லும். சொல்லுக்குப் பிணை நிற்காது. எதைத் திருப்பிச் சொல்லுவிக்க வேண்டும், எதை வேண்டா என்று அறிந்து, ஐம்பது காசைச் செலவிட்டு இருபதாயிரத்தைக் காப்பவனே அவ்விடத்தில் எழுத்தாளன். அவன் நடை அழகு எவர்க்கும் தெரியாமலே போகலாம்.

இனி இக்காலப் பொறிக்கு வருவோம். இதன் உட்செயலை எளிதிற் கூறின், எண்ணிறந்த நூல்களையும் கடிதங்களையும் பக்கங்களையும் ஊட்டி, 'இச்சொற்களுக்குப் பின் எச்சொல் வருதல் இயல்பு' என்று கணிக்கப் பழக்கிய பெருங்கணக்கு என்னலாம். வழக்கத்தில் மிகுதியாக உள்ளதை அது மிக நன்றாகச் செய்கின்றது. 2015-இல் கூகுள் நிறுவனத்தார் மின்னஞ்சலுக்குத் தானே குறுவிடை காட்டும் அமைப்பொன்றை வெளியிட்டனர். அதன் தொடக்கச் சோதனைகளில், அலுவலகக் கடிதம் எதுவாயினும் 'நான் உன்னை நேசிக்கின்றேன்' என்னும் விடையை அது அடிக்கடி நீட்டியதாம்! மக்கள் மிகுதியாக எழுதுவது அதுவே ஆதலின் பொறிக்கு அது பாதுகாப்பான விடையாகத் தோன்றிற்றுப் போலும். அதனைத் திருத்தினர். இன்றைய பொறிகள் அதனினும் பன்மடங்கு வல்லவை. மன்னிப்புக் கடிதம் எழுது என்றால், குமாஸ்தா ஒரு முற்பகல் முழுதும் முயன்று எழுதுவதைச் சில நொடியில் தருகின்றன. மன்னிப்புக் கடிதம் எவ்வாறிருக்கும் என்பது அவற்றிற்குத் தெரியும். பிழை நம்முடையதா, வாடிக்கைக்காரருடையதா என்பது, நாம் சொன்னாலன்றித் தெரியாது.

இவ்விடத்தும் ஒரு வழக்கு உளது. கனடா நாட்டு விமான நிறுவனமாகிய ஏர் கனடாவின் இணையதளத்தில் உரையாடும் பொறியொன்று இருந்தது. 2022-இல் பாட்டியாரை இழந்த பயணி ஒருவர், துக்கப் பயணத்திற்குரிய கட்டணச் சலுகையைப் பற்றி அதனிடம் வினவினார். முழுக்கட்டணம் செலுத்திப் பயணச்சீட்டு வாங்கிய பின்னும் 90 நாளுக்குள் சலுகை கோரலாம் என்று பொறி விடை கூறிற்று. நிறுவனத்தின் விதியோ, பயணம் முடிந்த பின் சலுகை இல்லை என்பது. பணம் மறுக்கப்படவே அவர் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்தை அடைந்தார். பொறியின் சொல்லுக்குத் தாம் பொறுப்பாகார் என்பதே நிறுவனத்தார் வாதத்தின் சாரம். தளத்தில் உள்ளது எதுவாயினும், பொறி சொல்லினும் பக்கம் சொல்லினும், அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. ஈட்டுத் தொகை, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 812 டாலரும் 2 சென்ட்டும் செலுத்தப் பணிக்கப்பட்டது.

தொகை சிறிது. ஆயினும் இரு தீர்ப்புக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தகும். தந்திக் கம்பெனியார் பிறர் சொல்லைச் சுமந்தவர், தப்பினர். விமானக் கம்பெனியார் தம் சொல்லைப் பொறியின் வாயில் வைத்தவர், தப்பவில்லை. திருக்குறளில் தூது என்னும் அதிகாரத்திற்கு உரை கண்ட பரிமேலழகர், தூதரை இருவகையாகப் பகுப்பார்: சொல்ல வேண்டியதைத் தாமே வகுத்துக் கூறுவோர் ஒருவகை, சொல்லியதைச் சொல்வோர் மற்றொருவகை. தந்தி இரண்டாம் வகையினது. புதிய பொறி முதல்வகைத் தூதனைப்போல் வகுத்தும் பேசுகின்றது; ஆனால் அரசனுக்கு முன் திரும்பிவந்து நின்று விடை சொல்லும் கடமை அதற்கில்லை. அக்கடமை எவனோ ஒரு மனிதன் தலையில்தான் வந்து விழும். அவனுக்கு ஊதியம் கொடுக்க வணிகர் என்றும் மறார். ஆதலின் தொழில் முற்றும் அழியும் என்பாரோடு யாம் உடன்படவில்லை.

எமக்கு அச்சம் வேறிடத்தில் உளது. பிணை நிற்கத்தக்க அம்மனிதன் எங்கே உருவாவான்? நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை நடத்திய காலத்தில், இளஞ்சிறுவன் ஒருவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பெட்டியருகே அமர்ந்து எடுபிடி வேலை செய்து, பேரேடு எழுதப் பழகி, ஆண்டுகள் கழிந்தபின் அடுத்தாள் ஆவான். பின்னர் மேலாள் ஆவான். ஊரில் இருக்கும் முதலாளிக்கு ஐந்தொகை அனுப்பி அதற்கு விடை சொல்லும் நிலை அப்பொழுதுதான் அவனுக்கு வாய்க்கும். பிற்கால அலுவலகங்களிலும் இளையோன் வரைவு எழுத, மூத்தோர் சிவப்பு மையால் அடிப்பர். அடிபட்ட வரிகளே அவனுக்குப் பள்ளிக்கூடம். "இவர்க்கு இப்படி எழுதினால் சினப்பார்", "இத்தேதியை உறுதியாகச் சொல்லாதே, கப்பல் நம் கையில் இல்லை" என்பன போன்ற அறிவு எந்நூலிலும் இல்லை, அம்மையில் இருந்தது. இன்று பொறி முதலில் விழுங்குவது இவ்வரைவு வேலையைத்தான். மூத்தோர்க்குப் பொறி வரைவு தரும். இளையோனை எதற்கு அமர்த்துவது என்று நிறுவனம் எண்ணும். பதினைந்து ஆண்டு கழித்து மூத்தோர் ஓய்வு பெறும்பொழுது, திருத்தத் தெரிந்தவர் எங்கிருந்து வருவர்? பெட்டியடிப் பையனை நீக்கிவிட்டு மேலாளை மட்டும் வேண்டுவது விதைநெல்லைச் சமைத்துண்பதை ஒக்கும்.

தமிழ் மாணவராகிய எமக்கு இதில் ஒரு தனிக் கவலையும், உண்மையைச் சொன்னால், சிறு நம்பிக்கையும் உண்டு. பொறிகளுக்கு ஊட்டப்பட்ட ஆங்கிலத்தோடு ஒப்பிடத் தமிழ் மிகச் சிறிது. ஒரு வங்கியினின்றும் எமக்கு வந்த தமிழ் அறிவிப்பில், முதல் வரி 'தாங்கள்' என்று பணிந்தது. நான்காம் வரி 'உன் கணக்கை' என்று அதட்டியது. அதன் ஆங்கில மூலத்தைத் தேடிப் படித்த பின்னரே பொருள் விளங்கிற்று. கடன் வாங்கிய உழவர் ஒருவர் அதனைப் படித்து என்ன செய்வார்? கடன் கேட்பதும் தவணை நினைவூட்டுவதும் தமிழில் மரபு சார்ந்த செயல்கள். வயதும் உறவும் அறிந்தே சொல் எடுக்க வேண்டும். இவ்வறிவுடையார்க்கு வேலை குறையாது என்றே கருதுகின்றோம்.

கல்லூரிகளும் தேர்வு நடத்துவோரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தமிழ்நாட்டுத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்திவந்துள்ள ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வு, இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என வேகத்தை அளப்பது. அது கைக்குரிய தேர்வு, அக்காலத்திற்குப் பொருந்திற்று. இனி வேறொரு தாள் வேண்டும். மாணவன் முன் பொறி எழுதிய விடைக்கடிதம் ஒன்றையும், அதனோடு வாடிக்கைக்காரர் முறையீடு, சரக்குப் பட்டியல், முன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றையும் வைத்து, "இதில் நீ கையொப்பமிட மறுக்கும் வரி யாது? ஏன்?" என்று வினவ வேண்டும். மற்றொரு தாளில் பொறியின் துணையின்றி வரைவு எழுதச் செய்து, ஆசிரியர் பழைய முறையில் சிவப்பு மையால் அடிக்க வேண்டும்.

இத்தகைய தாள் ஒன்றை விடுதியில் யாமே அமைத்து, நண்பர் நால்வரிடம் கொடுத்துப் பார்த்தோம். பொறியின் கடிதம் 40 பெட்டி அனுப்பப்பட்டதாகக் கூறிற்று. பட்டியலில் இருந்தது 14. தமிழ் வகுப்பினர் மூவரும் கடிதத்தின் ஒற்றுப்பிழைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் திருத்தி, நடையையும் ஓரிரு இடங்களில் செப்பனிட்டுக் கொடுத்தனர். பட்டியலைப் புரட்டிப் பார்த்தவர் நான்காமவர் ஒருவரே. அவர் கணிதத் துறை மாணவர்.